துருப்பிடித்த ஸ்டியரிங் பாகங்களைக் கழற்றுவது: பழைய பிக்கப் வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

ஏப்ரல் 15 வந்தால் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளைக் கரையில் கட்டிவிடுவார்கள். ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். படகு நின்றால் மீன் ஏற்றும் வண்டிகளும் நின்றுவிடும். கடலோரப் பட்டறைகளுக்குப் பழைய டாடா 207, மகிந்திரா பிக்கப் எல்லாம் வரிசை கட்டி வருவது அந்த இரண்டு மாதத்தில்தான். எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடா வருடம் எஃப்சி, அதாவது தகுதிச் சான்று வேண்டும். அதற்கு முன்னால் ஸ்டியரிங் ஆட்டத்தைச் சரிசெய்தாக வேண்டும்.

புதிய பாகத்தை மாட்டுவது அரை மணி நேர வேலை. உப்பில் ஊறிய பழையதைக் கழற்றுவதுதான் ஒரு நாள் வேலை. வண்டிக்காரர்களும் புதிதாகத் தொழில் கற்க வரும் பையன்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்தெந்த பாகங்களைப் பற்றிப் பேசுகிறோம்?

முன்பக்கம் பட்டை வில்லும் நேர் ஆக்சிலும் உள்ள பழைய பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். ஸ்டியரிங் வீலிலிருந்து இறங்கும் தண்டு ஸ்டியரிங் பாக்ஸுக்குள் போகிறது. பாக்ஸின் அடியில் வெளியே நீட்டும் பல் வெட்டிய ஷாஃப்ட்டில் டிராப் ஆர்ம் மாட்டியிருக்கும். சிலர் அதைப் பிட்மன் ஆர்ம் என்பார்கள். டிராப் ஆர்மின் மறுமுனையிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி டிராக் லிங்க். இரண்டு முன் சக்கரங்களையும் இணைக்கும் நீளக் கம்பி டை ராட். இந்தக் கம்பிகளின் முனைகளில் இருப்பவைதான் பந்து மூட்டுகள், அதாவது டை ராட் எண்டுகள்.

முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளில் கம்பிகளின் அமைப்பு மாறும். ராக் அண்ட் பினியன் வகை ஸ்டியரிங் இருந்தால் டிராப் ஆர்மே கிடையாது. ஆனால் துரு பிடிக்கும் இடங்கள் மூன்றுதான்: பந்து மூட்டின் கூம்புப் பின், கம்பியின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் மரை, டிராப் ஆர்ம் உட்காரும் பல். மூன்றும் மூன்று விதமாக இறுகும், மூன்றுக்கும் வைத்தியம் வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே ஸ்பானரையும் ஒரே பைப்பையும் எடுப்பதால்தான் பாதி வேலை கெட்டுப்போகிறது.

என் வண்டியில் மட்டும் ஏன் இவ்வளவு துரு? மதுரைப் பக்கம் ஓடும் அதே வருட வண்டியில் இல்லையே?

மீன் வண்டியின் தொட்டியிலிருந்து உருகிய ஐஸ் தண்ணீர் ஒழுகி சேசிஸின் பின்பக்கத்தை அரிப்பது எல்லோருக்கும் தெரியும். முன்பக்கத்துக்கு அது எப்படி வருகிறது என்று கேட்பார்கள். விடிகாலையில் இறங்குதளத்திலிருந்து வெளியே வரும் ரோட்டை ஒரு தடவை பாருங்கள். முன்னால் போன பத்து வண்டிகள் சிந்திய உப்புத் தண்ணீர் ரோடு முழுக்கப் பளபளக்கும். அதை உங்கள் முன் சக்கரம் வாரி நேராக டை ராட் மேல் அடிக்கிறது. தூத்துக்குடி உப்பளப் பாதையில் ஓடும் வண்டிக்குத் தண்ணீர்கூட வேண்டாம், காற்றில் வரும் உப்பும் இரவுப் பனியும் போதும்.

உப்பு இருக்கும் ஈரத்தில் இரும்பு பல மடங்கு வேகமாக அரிக்கும். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. துரு என்பது தின்ற இரும்பைவிடப் பெரியது. ஒரு பங்கு இரும்பு துருவாக மாறும்போது இரண்டு மடங்குக்கும் மேல் இடத்தை அடைக்கும். மரைக்கு நடுவிலும் கூம்புக்கு நடுவிலும் அப்படி வீங்க இடமில்லை. அதனால் இரண்டு பாகத்தையும் ஆப்பு வைத்த மாதிரி இறுக்கிக்கொள்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் அதிர்வு இருந்துகொண்டே இருக்கும். தடைக்காலத்தில் கழுவாமல் அறுபது நாள் நிறுத்திய வண்டியில் அந்த அசைவும் நின்று, துரு நிம்மதியாக உட்கார்ந்துவிடும்.

பைப் போட்டு முழு பலத்தோடு திருகினால் வந்துவிடாதா?

வராது. வந்தாலும் உடைந்துதான் வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்பானரில் ஒரு மீட்டர் பைப் செருகி, 60 கிலோ எடையுள்ள ஆள் முனையில் தொங்கினால் கிட்டத்தட்ட 590 நியூட்டன் மீட்டர் முறுக்கு விழுகிறது. 12 மில்லி மரை உள்ள ஒரு பின் அதில் பாதியைக்கூடத் தாங்காது. துரு விடுவதற்கு முன்னால் பின் முறிந்துவிடும்.

பட்டறைக்கு வரும் பையன்களுக்கு நான் முதல் நாளே சொல்வது இதுதான்: துருவை இழுத்து ஜெயிக்க முடியாது, உலுக்கித்தான் விடுவிக்க வேண்டும். துரு அமுக்கத்தைத் தாங்கும், அதிர்ச்சியைத் தாங்காது, நொறுங்கிவிடும். ஒரு பக்கம் விடாமல் இழுவிசை இருக்கட்டும், மறுபக்கம் திடீரென்று ஒரு அடி விழட்டும். கீழே சொல்லும் எல்லா முறையும் இந்த ஒன்றின் பல வடிவங்கள்தான்.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

2 பவுண்டு சுத்தியல் இரண்டு, பந்து மூட்டு புல்லர் (இறுகிய பாகத்தை இழுத்துக் கழற்றும் கருவி) ஒன்று, டிராப் ஆர்ம் புல்லர் ஒன்று, ஆறு முகம் கொண்ட பாக்ஸ் ஸ்பானர்கள், கம்பி பிரஷ், நல்ல பிடிப்பு உள்ள பெஞ்ச் வைஸ், கண்ணாடி. பன்னிரண்டு முனை கொண்ட சாக்கெட் துருப்பிடித்த நட்டின் மூலைகளை உருட்டிவிடும், அதை எடுக்காதீர்கள். கண்ணாடி என்று சொன்னது உங்கள் கண்ணுக்கு. வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து அடிக்கும்போது துருச்செதில் நேராக முகத்தில்தான் விழும்.

வண்டியை எப்படி நிறுத்துவது?

சமதரை. பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. ஜாக்கியில் தூக்கி, சேசிஸுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டு கொடுத்த பிறகுதான் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். செங்கல், ஹாலோ பிளாக் எதுவும் கூடாது. இந்த வேலையில் வண்டியைச் சுத்தியலால் உலுக்கப் போகிறோம். உலுக்கினால் ஹாலோ பிளாக் எச்சரிக்கையே இல்லாமல் பொடியாகும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகிறவரைப் பார்த்தால் கையைப் பிடித்து வெளியே இழுத்துவிடுங்கள்.

எந்த ஆயில் அடிப்பது நல்லது? எப்போது அடிக்க வேண்டும்?

முந்தைய நாளே. ஆயில் என்ன பெயர் என்பதைவிட அதற்கு எவ்வளவு நேரம் கொடுத்தீர்கள் என்பதுதான் வேலை செய்யும். மாலையில் கம்பி பிரஷ் போட்டு, வெளியே தெரியும் மரையின் அழுக்கைச் சுத்தமாக எடுங்கள். சேறும் பழைய கிரீஸும் மூடியிருந்தால் ஆயில் மேலேயே நிற்கும், உள்ளே போகாது. அப்புறம் ஆயிலை அடித்து, நட்டின் மேல் சின்னதாக நாலு தட்டு தட்டுங்கள். இரவு படுக்கும் முன் ஒரு முறை, காலையில் ஒரு முறை இதையே செய்யுங்கள்.

எல்லோரும் டபிள்யூடி 40 கேட்பார்கள். அந்தப் பெயரில் உள்ள டபிள்யூடி என்பதே தண்ணீரை விலக்குவது என்பதன் சுருக்கம். 40 என்பது நாற்பதாவது முயற்சியில் கிடைத்த கலவை என்பதற்காக. ஈரத்தை விரட்ட அது அருமையானது. இறுகிய மரைக்குள் ஊடுருவிப் போக, அதற்கென்றே தனியாக விற்கும் ஊடுருவும் ஆயில் மேல். பவர் ஸ்டியரிங்குக்கு ஊற்றும் ஏடிஎஃப் ஆயிலையும் அசிட்டோனையும் பாதிக்குப் பாதி கலந்து அடிப்பவர்களும் உண்டு. அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் இரண்டும் முழுதாகக் கலக்காது, ஒவ்வொரு தடவையும் குலுக்க வேண்டும். அசிட்டோன் பொசுக்கென்று தீப்பிடிக்கும், அதை அடித்த இடத்தில் டார்ச் தீயைக் காட்டக் கூடாது.

ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: ஆயில் மரைக்கு உதவும், பல்லுக்கு ஓரளவு உதவும். பந்து மூட்டின் கூம்பு அவ்வளவு நெருக்கமாக உட்கார்ந்திருக்கும், அதற்குள் ஆயில் போவது அரிது. அதற்குச் சுத்தியல்தான்.

நட் கழலாமல் குறுக்கே செருகியிருக்கும் காட்டர் பின் உடைந்து துளைக்குள்ளேயே நின்றுவிட்டது. என்ன செய்வது?

கவலை வேண்டாம். பழைய காட்டர் பின் முழுதாக வருவது கடலோர வண்டியில் அபூர்வம். நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பக்கத்தையும் உளியால் வெட்டிவிடுங்கள். மெல்லிய பஞ்ச் கருவியால் தட்டிப் பாருங்கள். வராவிட்டால் விட்டுவிட்டு நட்டைத் திருகினாலும் போதும், துருப்பிடித்த மெல்லிய கம்பி அறுந்து நட் நகரும். மரை கொஞ்சம் கீறும். எப்படியும் அந்த மூட்டை மாற்றத்தான் போகிறீர்கள். மூட்டைத் திரும்ப மாட்டும் எண்ணம் இருந்தால் மட்டும் பொறுமையாக டிரில் போட்டு எடுங்கள்.

நட்டைத் திருகினால் பின்னும் சேர்ந்து சுற்றுகிறதே?

கூம்பு விட்டுவிட்டது, மரை விடவில்லை என்று அர்த்தம். எல்லோரும் எதிர்பார்ப்பதற்கு நேர் எதிர். கூம்பைத் திரும்ப அதன் இருக்கையில் அழுத்திப் பிடித்தால் பின் சுற்றாது. மூட்டு கீழிருந்து மேலாகச் செருகியிருந்தால், அதன் அடியில் சின்ன ஜாக்கியை வைத்து மேல்நோக்கி அழுத்துங்கள். அழுத்தம் வந்ததும் நட்டைத் திருகுங்கள். மேலிருந்து கீழாகச் செருகியிருந்தால் நீளக் கடப்பாரையை நெம்பாக வைத்து மற்றொருவர் அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்படியும் சுற்றினால் கிரைண்டரில் நட்டின் ஒரு பக்கத்தை மரை தெரியும் வரை சீவி, உளி வைத்து ஒரு அடி. நட் பிளந்துவிடும்.

நட் கழன்றுவிட்டது, ஆனால் பின் ஆர்மை விட்டு வரவே இல்லை. புல்லரே வளைந்துவிடும் போல இருக்கிறது.

இதுதான் அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பின் கூம்பு வடிவம், அது நுழையும் துளையும் கூம்பு வடிவம். நட்டை இறுக்கும்போது கூம்பு உள்ளே இழுபட்டு, உராய்விலேயே பூட்டிக்கொள்கிறது. நட்டே இல்லாவிட்டாலும் அது தானாகக் கழன்று விழாது. அதற்கு மேல் பத்து வருடத் துரு. இதைப் பின்னின் முனையில் அடித்துத் தள்ளப் பார்ப்பார்கள். அடித்தால் மரை காளான் மாதிரி விரியும், பின் அசையாது.

அடிக்க வேண்டியது பின்னை இல்லை, அதைச் சுற்றியிருக்கும் ஆர்மின் வளையத்தை. நட்டை முழுதாக எடுத்துவிடாமல் கடைசி மூன்று நாலு மரையில் நிறுத்துங்கள். கூம்பு விட்டதும் கம்பி உங்கள் முகத்தில் விழாமல் அது பிடித்துக்கொள்ளும். புல்லரை மாட்டிக் கையில் வரும் அளவுக்கு நன்றாக இறுக்குங்கள். இப்போது ஒரு சுத்தியலை வளையத்தின் ஒரு பக்கவாட்டில் முட்டுக் கொடுத்துப் பிடியுங்கள். அடுத்த சுத்தியலால் நேர் எதிர்ப் பக்கவாட்டில் ஓங்கி ஒரே அடி. சின்னச் சின்னதாகத் தட்டுவது பிரயோஜனமில்லை, அடி கூர்மையாக விழ வேண்டும். அடி விழும் நொடியில் வட்டமான துளை கண்ணுக்குத் தெரியாத அளவு நசுங்கித் திரும்புகிறது. உள்ளே இருக்கும் துரு நொறுங்கிக் கூம்பு எகிறுகிறது. ஐந்தாறு அடியில் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். ஒரு தடவை கேட்டால் அப்புறம் மறக்காது. புல்லரின் போல்ட் திடீரென்று தளர்ந்திருப்பதும் தெரியும்.

பத்து அடிக்கும் வரவில்லை என்றால் புல்லரை இன்னும் கால் சுற்று இறுக்கிவிட்டு டீ குடித்து வாருங்கள். மெய்யாகவே சொல்கிறேன், திரும்பி வரும்போது தானாக விட்டிருக்கும் புல்லர்களை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கழன்ற பின்னைக் கையில் எடுத்துப் பாருங்கள். கூம்பின் நடுவில் வெள்ளிப் பளபளப்பும், நட் பக்க விளிம்பில் மட்டும் கருஞ்சிவப்பு வளையமும் இருக்கும். இவ்வளவு பாடுபடுத்தியது அந்தச் சின்ன வளையத் துருதான்.

எச்சரிக்கை இரண்டு. ஒரு சுத்தியலின் முகத்தில் இன்னொரு சுத்தியலால் நேராக அடித்துவிடாதீர்கள். இரண்டும் கடினப்படுத்திய இரும்பு, சில்லு தெறித்துச் சதைக்குள் போகும். அடி எப்போதும் ஆர்மின் தடித்த இரும்பு வளையத்தில் மட்டும். டை ராட் குழாயிலும் பிரேக் பைப் போகும் இடத்திலும் விழக் கூடாது.

இரண்டு பல் உள்ள ஃபோர்க்கை அடித்து இறக்கினால் சீக்கிரம் வருமே?

வரும். கூடவே மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட்டைக் கிழித்துக்கொண்டு வரும். தூக்கி எறியப்போகும் மூட்டு என்றால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். வேறு வேலைக்காகக் கழற்றித் திரும்ப மாட்டும் மூட்டில் ஃபோர்க் படக்கூடாது. பூட் கிழிந்த மூட்டு உப்புத் தண்ணீரில் சில மாதம்கூடத் தாங்காது.

டை ராட் எண்டைக் கம்பியிலிருந்து திருகி எடுக்க முடியவில்லை.

முதல் கேள்வி: சரியான திசையில்தான் திருகுகிறீர்களா? டை ராட்டின் ஒரு முனையில் வழக்கமான வலது மரை, மறுமுனையில் இடது மரை. கம்பியைச் சுற்றினால் நீளம் கூடவும் குறையவும் வேண்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். இடது மரை முனையை வழக்கம் போலத் திருகினால் இறுகிக்கொண்டேதான் போகும். புதிதாக வாங்கிய எண்டின் மரையைப் பார்த்தால் எது எந்தப் பக்கம் என்று சந்தேகமில்லாமல் தெரிந்துவிடும். பழையதைத் தொடும் முன்பே புதியதை வாங்கி வைத்துக்கொள்வது இதற்காகவும்தான்.

அடுத்தது அளவு. கழற்றும் முன் இந்த மூட்டின் பின் மையத்திலிருந்து அந்த மூட்டின் பின் மையம் வரை டேப் வைத்து அளந்து, தரையிலேயே சாக்பீஸில் எழுதுங்கள். எத்தனை சுற்றில் வெளியே வந்தது என்பதையும் எண்ணுங்கள். புதிய எண்டின் நீளம் சில மில்லி மாறலாம், அதனால் சுற்று எண்ணிக்கையை மட்டும் நம்பக் கூடாது. மைய அளவுதான் உண்மை.

மூன்றாவது, வண்டிக்கு அடியில் கிடந்து போராடாதீர்கள். இரண்டு பக்கக் கூம்பும் விட்டதும் டை ராட்டை அப்படியே வெளியே எடுத்து வைஸில் பிடியுங்கள். கிளாம்ப் போட்ட வகை என்றால் கிளாம்பின் போல்ட்டைத் தளர்த்தி, முழு கிளாம்பையும் நகர்த்திவிடுங்கள். அதன் அடியில்தான் துரு கட்டியாக இருக்கும். கம்பி முனையில் நீளவாட்டில் ஒரு பிளவு இருக்கும், அதில் தட்டை உளியை லேசாக இறக்கினால் குழாய் ஒரு மயிரிழை திறக்கும். அதில் ஆயில் விட்டு, குழாயைச் சுற்றிலும் தட்டிக்கொண்டே எண்டை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கால் சுற்று வந்தால் அரைக்கால் சுற்று திரும்பப் போக விடுங்கள். ஒரே மூச்சில் வெளியே இழுத்தால் நொறுங்கிய துரு மரைக்குள்ளேயே அரைபட்டு மறுபடி சிக்கிக்கொள்ளும். செக் நட் வகையில் முதலில் நட்டை மட்டும் உடைத்துத் தளர்த்துங்கள், எண்டை அதன் தட்டையான பகுதியில் இன்னொரு ஸ்பானரால் பிடித்துக்கொண்டு.

டிராப் ஆர்மைக் கழற்ற எந்தச் சுத்தியல் நல்லது?

எதுவும் இல்லை. டிராப் ஆர்மைச் சுத்தியலால் அடித்து இறக்கவே கூடாது, பெரிய புல்லர்தான். ஆரம்ப காலத்தில் நானே இந்தத் தப்பைச் செய்தேன். புல்லர் கைவசம் இல்லை, வண்டிக்காரர் அவசரப்பட்டார், ஷாஃப்ட்டின் முனையில் 4 பவுண்டு சுத்தியலால் அடித்தேன். ஆர்ம் வந்தது. வண்டியை ஓட்டிப் பார்த்தால் ஸ்டியரிங் நடுவில் வரும்போது ஒவ்வொரு முறையும் கையில் ஒரு தட்டு தட்டியது. பாக்ஸுக்குள் பேரிங் தடத்தில் குழி விழுந்திருந்தது. ஆயிரத்தில் முடிய வேண்டிய வேலைக்கு ஸ்டியரிங் பாக்ஸே மாற்ற வேண்டியதாயிற்று. அந்தச் செலவை நான்தான் ஏற்றேன். அன்றிலிருந்து புல்லர் இல்லாமல் டிராப் ஆர்மில் கை வைத்ததில்லை.

சரி, முறை இதுதான். சக்கரங்களை நேராக நிறுத்துங்கள். ஆர்மிலும் ஷாஃப்ட்டிலும் சேர்த்து உளியால் ஒரு கோடு வெட்டுங்கள். பெயின்ட் கோடு ஆயிலில் அழிந்துவிடும். சில வண்டிகளில் ஒரே நிலையில் மட்டும் நுழையும்படி பல்லில் அடையாளம் இருக்கும், எல்லாவற்றிலும் இருக்காது. ஒரு பல் தள்ளி மாட்டினால் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் திரும்பும்.

நட் பெரியது, மிகவும் இறுக்கமாக இருக்கும். மடக்கிய லாக் வாஷர் இருந்தால் முதலில் அதை நிமிர்த்துங்கள். நட்டைத் தளர்த்தி ஷாஃப்ட்டின் முனையோடு நிற்க வையுங்கள், முழுதாக எடுக்காதீர்கள். புல்லரை நேராக மாட்டி, அதன் போல்ட் மரைக்குக் கிரீஸ் போட்டு இறுக்குங்கள். இங்கும் ஒரு பக்கம் முட்டுக் கொடுத்து ஆர்மின் பக்கவாட்டில் அளவாகத் தட்டலாம். புல்லர் போல்ட்டின் தலையில் அடிக்காதீர்கள், அந்த அடி நேராகப் பாக்ஸுக்குள்தான் போகும். வராவிட்டால் புல்லரை இறுக்கியபடியே இரவு முழுக்க விடுங்கள். காலையில் ஆர்ம் தானாக விட்டு நட்டில் தொங்கிக்கொண்டிருக்கலாம்.

எதற்கும் வராத ஆர்மை, எப்படியும் மாற்றப் போகிறீர்கள் என்றால், கிரைண்டரில் பல்லுக்கு மிக அருகில் வரை நீளவாட்டில் கீறி, அந்தக் கீறலில் உளியை இறக்குங்கள். விரிந்துவிடும். ஷாஃப்ட்டின் பல்லில் கல் பட்டுவிடக் கூடாது, அது பட்டால் பாக்ஸ் போச்சு.

சூடு காட்டலாமா?

காட்டலாம், எங்கே எவ்வளவு என்று தெரிந்தால். 20 மில்லி துளை உள்ள இரும்பு வளையத்தை 200 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் துளை சுமார் 0.05 மில்லி பெரிதாகும். ஏ4 தாளின் பாதித் தடிமன். கேட்கக் குறைவாகத் தெரியும், ஆனால் துருவின் பிடியை உடைக்க அது தாராளம். சூடு வெளி வளையத்தில் மட்டும் சீக்கிரமாக ஏற வேண்டும். நின்று நிதானமாகச் சூடாக்கினால் உள்ளே இருக்கும் பின்னும் சேர்ந்து விரிந்துவிடும், பயனில்லை. திரும்பப் பயன்படுத்தப் போகும் ஆர்மைச் செந்நிறம் வரும் வரை காய்ச்சவே கூடாது. அது அடித்து உருவாக்கிப் பதம் ஏற்றிய இரும்பு. பதம் போனால் ஓடும்போது வளையும். தண்ணீர் ஊற்றிக் குளிரவைப்பதும் கூடாது, உள்ளுக்குள் வெடிப்பு விடும்.

சூடு ஏறிய மரையில் மெழுகுவர்த்தியைத் தொட்டுப் பாருங்கள். உருகிய மெழுகு தானாகவே இடுக்குக்குள் இழுபட்டுப் போகும். ஆயிலுக்கு முடியாததை மரையில் இந்த மெழுகு முடித்துக் கொடுக்கும்.

பந்து மூட்டின் உடலுக்கு நேராகத் தீ காட்டக் கூடாது. மூடிய கிண்ணத்துக்குள் கிரீஸ் இருக்கிறது, அது ஆவியாகி அழுத்தம் ஏறினால் மூடி குண்டு மாதிரி தெறிக்கும். பிரேக் ஹோஸ், டீசல் பைப், வயர் எல்லாவற்றையும் ஈரச் சாக்கால் மூடுங்கள், பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் தீயே வேண்டாம். குளோரின் கலந்த கிளீனர் சூடானால் பாஸ்ஜீன் என்ற விஷ வாயு வரும். டிராப் ஆர்மைச் சூடாக்கினால் பாக்ஸின் ஆயில் சீலும் வெந்திருக்கும் என்று வைத்துக்கொண்டு புதிய சீல் வாங்கிவிடுங்கள்.

கழற்றும்போது கொஞ்சம் அடிபட்டுவிட்டது, வளைந்த கம்பியை நிமிர்த்தலாமா? வெல்டிங் வைக்கலாமா?

கூடாது, இரண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. என்ஜினில் ஏதாவது உடைந்தால் வண்டி நிற்கும். டிராக் லிங்க் உடைந்தால் வண்டி நிற்காது, எதிரில் வரும் பஸ்ஸை நோக்கிப் போகும். பற்று வைத்த டிராக் லிங்க்கோடு வரும் வண்டிகளைப் பார்க்கும்போதெல்லாம், அதில் ஏறி விடிகாலை மூன்று மணிக்குச் சந்தைக்குப் போகும் பெண்களின் முகம்தான் எனக்கு முன்னால் வரும். ஆர்மின் கூம்புத் துளை முட்டை வடிவமாகியிருந்தாலும், கிரைண்டர் பட்டிருந்தாலும், விளிம்பில் மயிரிழை வெடிப்பு தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். காசு நெருக்கடி என்றால் இரண்டு வாரம் வண்டியை நிறுத்தி வையுங்கள்.

மாட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கூம்புத் துளையைத் துணியால் துடைத்து, உலர்ந்த நிலையில் மாட்டுங்கள். அடுத்த தடவை சுலபமாக வரட்டும் என்று அதில் கிரீஸ் தடவுவார்கள். தப்பு. கூம்பு பிடிப்பதே உராய்வால்தான். கிரீஸ் போட்டால் கூம்பு அளவுக்கு மேல் உள்ளே இழுபடும். காப்பர் கிரீஸை டை ராட்டின் நீள மரையில் போடுங்கள், அதற்குத்தான் அது.

துளையில் சந்தேகம் இருந்தால் புதிய பின்னின் கூம்பில் மார்க்கர் பேனாவால் நாலு நீளக் கோடு போட்டுச் செருகி, லேசாகத் திருப்பி எடுத்துப் பாருங்கள். கோடு பெரும்பாலும் எல்லா இடத்திலும் தேய்ந்திருந்தால் நல்லது. ஒரு முனையில் மட்டும் தேய்ந்திருந்தால் துளை தேய்ந்துவிட்டது.

நட்டை டார்க் ரெஞ்சில் அந்த மாடலின் மேனுவல் சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள். காட்டர் பின் துளை நேராக வராவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்க வேண்டும், ஒருபோதும் தளர்த்தி நேராக்கக் கூடாது. காட்டர் பின் புதியது. நைலான் வளையம் உள்ள நட்டும் புதியது. கிரீஸ் நிப்பிள் இருந்தால் பூட் லேசாக உப்பும் வரை மட்டும் கிரீஸ் அடியுங்கள்.

எல்லாம் முடிந்ததும் வண்டியைத் தரையில் இறக்கி, ஒருவர் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் சிறிதாக ஆட்டட்டும். நீங்கள் கீழே ஒவ்வொரு மூட்டின் மேலும் விரலை வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஆட்டமும் விரலுக்குத் தெரிந்துவிடும்.

உடனே அலைன்மென்ட் வேண்டுமா?

வேண்டும். நீங்கள் அளந்து மாட்டியது அலைன்மென்ட் கடை வரை ஓட்டிப் போவதற்குத்தான். கடை தூரம் என்றால், இரண்டு முன் டயரின் நடுக்கோட்டுக்கும் இடையிலான தூரத்தை ஆக்சில் உயரத்தில் முன்பக்கம் ஒரு தடவையும் பின்பக்கம் ஒரு தடவையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் சில மில்லிக்கு மேல் இருந்தால் டை ராட்டைச் சுற்றிச் சரிசெய்துவிட்டுக் கிளம்புங்கள். தள்ளிப்போட்டால் புதிய டயரின் ஓரம் சில நூறு கிலோமீட்டரில் அரம் போட்ட மாதிரி தேய்ந்துவிடும்.

அடுத்த தடைக்காலத்திலும் இதே பாடு படாமல் இருக்க என்ன செய்வது?

தினமும் கடைசி நடை முடிந்ததும் நல்ல தண்ணீரில் முன் ஆக்சிலைக் கழுவுங்கள். வண்டியின் முகத்தைக் கழுவி முடித்ததும் ஹோஸை அப்படியே கீழே திருப்பினால் இரண்டு நிமிட வேலை. மாதம் ஒரு முறை நிப்பிள் எல்லாவற்றிலும் கிரீஸ். கழிவு ஆயிலைக் கம்பிகளின் மேல் தடவுகிறவர்கள் ரப்பர் பூட்டிலும் புஷ்ஷிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ரப்பர் ஊறிப் பிய்ந்துவிடும்.

தடைக்காலத்துக்கு நிறுத்தும் நாளில் கழுவிக் காயவிட்டு, மரைகள் தெரியும் இடங்களில் கிரீஸைப் பூசுங்கள். அப்புறம் வாரம் ஒரு நாள் என்ஜினை ஓடவிட்டு, ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நாலு தடவை திருப்பிவிடுங்கள். வீட்டில் இருக்கும் பையனிடம் சொன்னால்கூட ஆசையாகச் செய்வான்.